பூச்சாடியாக மாறிய பீரங்கி உறை

பாரிஸில் வாழும் வாசகர் ஒருவர், பழம்பொருள் சந்தையில் வாங்கிய பித்தளைப் பூச்சாடியின் படங்களை அனுப்பியிருக்கிறார். சாடியின் உடலில் ஓக் இலைகள் புடைத்து நிற்கின்றன. இடை ஒடுங்கி, அதைச் சுற்றி நெடுக்குவரிகள் ஓடுகின்றன. முதல் உலகப் போரில் ஒரு சிப்பாய் பதுங்குகுழிக்குள் அமர்ந்து செய்ததுதானா இது என்பது அவருடைய கேள்வி.

இத்தகைய சாடிகள், பீரங்கிக் குண்டின் பின்னால் வெடிமருந்தைத் தாங்கியிருந்த பித்தளை உறையிலிருந்து செய்யப்பட்டவை. எந்தப் பீரங்கியின் உறை என்பதை அறிவது எளிது. சாடியைக் கவிழ்த்தால் அடித்தட்டில் முத்திரைகள் தெரியும். '75' என்ற எண்ணுடன் களப் பீரங்கியைக் குறிக்கும் பிரெஞ்சுச் சுருக்கம் இருந்தால், அது 1897ஆம் ஆண்டு மாதிரியான 75 மில்லிமீட்டர் பிரெஞ்சுப் பீரங்கியின் உறை. '18 பவுண்டர்' என்ற பிரித்தானியக் களப் பீரங்கியின் உறையில் '18' என்ற எண் இருக்கும். ஜெர்மானிய 77 மில்லிமீட்டர் உறைகள் பலவற்றில் மாக்டபர்க், கார்ல்ஸ்ரூஹ முதலிய ஊர்களின் ஆலைப் பெயரும், செய்த மாதமும் ஆண்டும் இருக்கும். உயரத்தை மட்டும் நம்பக் கூடாது. 75 மில்லிமீட்டர் உறையின் முழு நீளம் ஏறத்தாழ 350 மில்லிமீட்டர் என்றாலும், கலைஞர்கள் பலர் வாய்ப்பகுதியை வெட்டியோ விரித்தோ விடுவார்கள்.

ஆனால் முத்திரையிலுள்ள ஆண்டு, உறை ஆலையிலிருந்து வெளிவந்த ஆண்டு மட்டுமே. இலைகள் எப்போது, யார் கையால் முளைத்தன என்பதற்கு உலோகத்தைத்தான் கேட்க வேண்டும். எனக்கு மிகவும் பிடித்த பகுதியும் அதுவே.

உறையின் பித்தளையில் ஏறத்தாழ 70 விழுக்காடு செம்பும் 30 விழுக்காடு துத்தநாகமும் உள்ளன. தடித்த வட்டத் தகட்டைக் கிண்ணமாக அழுத்தி, அக்கிண்ணத்தை ஒன்றைவிட ஒன்று குறுகலான அச்சுகளின் வழியே பலமுறை இழுத்து நீட்டுகிறார்கள். ஒவ்வோர் இழுப்பிலும் படிக அடுக்குகளுக்குள் அணுக்களின் வரிசைப் பிறழ்வுகள் பெருகி ஒன்றையொன்று மறித்துக்கொள்வதால் உலோகம் விறைக்கிறது. அப்படியே இழுத்தால் கிழிந்துவிடும். இடையிடையே காய்ச்சும்போது திரிபற்ற புதிய படிக மணிகள் தோன்றி வளர்ந்து, பழைய மணிகளின் இடத்தைப் பிடிக்க, பித்தளை மீண்டும் இளகிய பதத்துக்கு வருகிறது. இறுதியில் அடிப்பகுதியை விறைப்பாகவே விட்டு, வாய்ப்பகுதியை மட்டும் இளக்குகிறார்கள். சுடும்போது மெல்லிய சுவர் விரிந்து பீரங்கியின் அறைச்சுவரோடு ஒட்டி வாயு பின்னால் கசியாமல் அடைக்கிறது. அழுத்தம் தணிந்ததும் மீள்தன்மையால் சற்றே சுருங்கி, எளிதாக வெளியே வருகிறது. ஒரே பொருளுக்குள் இரண்டு பதங்களை இத்தனை துல்லியமாக அமைத்த கைத்திறன் போற்றத்தக்கது.

சிற்பவேலை செய்தவரும் இதே விதிக்குக் கட்டுப்பட்டவர்தான். உறைக்குள் தாரோ மணலோ ஈயமோ நிரப்பி உளியால் தட்டத் தட்டச் சுவர் விறைக்கும். மீண்டும் காய்ச்ச வேண்டும். தடித்து விறைத்த அடித்தட்டில் பெரும்பாலும் எவரும் கைவைக்கவில்லை. முத்திரைகள் இன்றும் பிழைத்திருப்பதற்கு அதுவும் ஒரு காரணம். நம் வாசகரின் சாடியைப் போல இடை ஒடுங்கிய வடிவத்துக்கு உலை, தாங்குகட்டை, பல மணி நேர உழைப்பு ஆகிய அனைத்தும் தேவை. களப் பீரங்கிகளும் முன்னணிப் பதுங்குகுழிகளில் அல்ல, அவற்றுக்கு வெகு பின்னால்தான் நின்றன. ஆகவே இது பின்களப் பட்டறையில் உருவாகியிருக்கவே வாய்ப்பு அதிகம். போர்க் கைதிகளும், பிரித்தானியப் படை வேலைக்கு அமர்த்திய சீனத் தொழிலாளர்களும், போருக்குப் பிறகு போர்க்களம் காண வந்தோருக்கு விற்ற உள்ளூர் மக்களும் இத்தகையவற்றைச் செய்திருக்கிறார்கள். "சிப்பாய் குழிக்குள் செய்தது" என்ற விற்பனையாளரின் கதையைச் சான்றின்றி ஏற்பது, பெயர் தெரியாத இந்தக் கைகளுக்கு நாம் இழைக்கும் அநீதி என்றே கருதுகிறேன்.

உயிர் குடித்த உலோகம் வீட்டில் இருப்பது தீது என்று சிலர் அஞ்சுகிறார்கள். பறந்து சென்று தாக்கியது குண்டு. உறை பீரங்கியின் அருகிலேயே விழுந்துவிட்டது. அஞ்ச வேண்டியது அடித்தட்டின் நடுவில், வெடிமருந்தைப் பற்றவைக்கும் எரியூட்டிக்கு மட்டுமே. அதில் குழி விழுந்திருப்பது, அது வெடித்து முடிந்ததற்குப் போதிய சான்றாகாது. ஐயமிருந்தால் சூடாக்காமல், துளையிடாமல், காவல்துறைக்குத் தெரிவிக்க வேண்டும்.

துலக்குவதிலும் ஓர் ஆபத்து உண்டு. 19ஆம் நூற்றாண்டில் இந்தியாவிலிருந்த பிரித்தானியப் படையின் பித்தளைத் தோட்டா உறைகள் மழைக்காலத்தில் தாமாகவே விரிசல் விட்டன. 1921இல் மூர், பெக்கின்சேல், மாலின்சன் ஆகிய ஆய்வாளர்கள் காரணத்தை விளக்கினர்: இழுத்து உருவாக்கியபோது உள்ளே தங்கிவிட்ட இழுவிசையும், குதிரை லாயங்களின் சிறுநீரிலிருந்து எழுந்த அம்மோனியாவும், ஈரக் காற்றும் சேர்ந்து படிக மணிகளின் எல்லைகளைப் பிளந்திருந்தன. உளியால் தட்டிய பிறகு காய்ச்சப்படாத சாடியிலும் அந்த இழுவிசை நூறாண்டுகளாகக் காத்திருக்கலாம். எனவே அம்மோனியா கலந்த மெருகுப் பசையைத் தவிர்த்து, மென்துணியால் தூசி தட்டி, ஈரமில்லாத இடத்தில் வைத்தால் போதும்.