ஒரு மூட்டைச் சர்க்கரையும் 40 மில்லிகிராமும்

"அம்மாவுக்குச் சர்க்கரை நோய். காபியில் இனிப்பு மாத்திரை போட்டுக்கொள்வார். அதில் உள்ள அஸ்பார்டேம் புற்றுநோய் தரும் என்று உலக சுகாதார நிறுவனமே சொல்லிவிட்டதாமே, நிறுத்திவிடலாமா?" என்று ஒரு வாசகர் கேட்டிருக்கிறார். அவருக்கு வாட்ஸ்அப்பில் வந்தது முழுப்பொய் இல்லை, பாதி உண்மை. பாதி உண்மையை மறுப்பதுதான் கடினம்.

2023 ஜூலை 14 அன்று இரண்டு குழுக்கள் ஒரே நாளில் முடிவை வெளியிட்டன. உலக சுகாதார நிறுவனத்தின் பிரிவான சர்வதேசப் புற்றுநோய் ஆராய்ச்சி முகமை, அஸ்பார்டேமை '2பி' பிரிவில் சேர்த்தது. புற்றுநோய் உண்டாக்கக்கூடும், ஆனால் சான்று குறைவு என்று பொருள். எவ்வளவு சாப்பிட்டால் ஆபத்து என்பதை அந்தப் பட்டியல் சொல்வதே இல்லை. கற்றாழையின் முழு இலைச் சாறும் அதே பிரிவில்தான் இருக்கிறது. அளவைப் பார்ப்பது இன்னொரு குழுவின் வேலை. உணவில் சேர்க்கும் பொருள்களை ஆராயும் ஜெக்ஃபா என்ற அந்த நிபுணர் குழு, உடல் எடையில் கிலோவுக்கு தினம் 40 மில்லிகிராம் என்ற பழைய வரம்பை மாற்றத் தேவையில்லை என்றது. ஆனால் இரண்டு வாரம் முன்பே கசிந்த முதல் பாதிதான் ஊரெல்லாம் சுற்றியது.

சரி, அந்த 40 எப்படி வந்தது? எனக்கு மிகவும் பிடித்த இடம் இதுதான். எலிகளுக்கு நீண்ட காலம், எடையில் கிலோவுக்கு தினம் 4,000 மில்லிகிராம் கொடுத்தும் கெடுதல் தெரியவில்லை. 60 கிலோ மனிதருக்கு இது 240 கிராம். அஸ்பார்டேம் சர்க்கரையைவிடச் சுமார் 200 மடங்கு இனிப்பு. அப்படியென்றால் 48 கிலோ சர்க்கரையின் இனிப்பு, கிட்டத்தட்ட ஒரு மூட்டை, ஒரே நாளில்! அதற்கும் விஞ்ஞானிகள் திருப்தியடையவில்லை. எலி உடம்பும் மனித உடம்பும் ஒன்றில்லையே என்று பத்தால் வகுத்தார்கள்: 400. மனிதர்களிலும் முதியவர், நோயாளி என்று உடம்புக்கு உடம்பு மாறுமே என்று மறுபடியும் பத்தால்: 40. நமக்குத் தெரியாதவற்றுக்காக முன்கூட்டியே நூறு மடங்கு ஒதுங்கி நிற்கிறது இந்தக் கணக்கு.

60 கிலோ எடைக்கு இது தினம் 2,400 மில்லிகிராம். ஒரு டயட் கோலா டப்பாவில் 200 முதல் 300 மில்லிகிராம் இருக்கலாம் என்று வைத்தால், எட்டு டப்பாவாவது குடித்தால்தான் வரம்பை எட்ட முடியும். ஃபீனைல்கீட்டோன்யூரியா என்ற பிறவிக் குறைபாடு உள்ளவர்கள் மட்டும் தொடவே கூடாது. அஸ்பார்டேம் குடலில் உடையும்போது வரும் ஃபீனைல்அலனினை அவர்கள் உடம்பால் சமாளிக்க முடியாது.

'பாதுகாப்பானதுதான், பயப்படாதீர்கள்' என்ற ஒருவரி அறிக்கையால் யாருக்கும் பயம் போகாது. இந்த வகுத்தல் கணக்கை நல்ல தமிழில், பள்ளிப் பாடத்திலேயே சொல்லித்தர வேண்டும். உணவுப் பொருள் சோதனைகளுக்கு அரசுப் பணம் தாராளமாகக் கிடைக்க வேண்டும். விற்பவர் காசில் செய்த ஆய்வு என்றால் சந்தேகம் வருவது நியாயம்தானே?

அம்மாவின் மாத்திரை டப்பியை ஒருமுறை திருப்பிப் பாருங்கள். அதில் சுக்ரலோஸ் என்று போட்டிருந்தால் அது வேறு பொருள், அதற்கு வேறு கணக்கு. அஸ்பார்டேம் என்றே இருந்தாலும், காபிக்கு ஒன்றிரண்டு மாத்திரை போட்டுக்கொள்ளட்டும்.