தீச்சுவரா, தீயரணா?

சொல் விளக்கம்: ஃபயர்வால்

அரசு அலுவலகங்களில் நெட்வொர்க் பார்க்கும் நம் தோட்டத்துப் பிள்ளைகள் இன்று நிறையப் பேர். அவர்கள் வாயில் ஓயாமல் புழங்கும் சொல் ஃபயர்வால்: கணினி வலையமைப்புக்குள் எது வரலாம், எது கூடாது என்று பார்க்கும் காவல். மேலிடத்துச் சுற்றறிக்கை மலாயில் வந்தால் அது ‘தெம்போக் ஆப்பி’. தமிழில் தீச்சுவர் என்றும் தீயரண் என்றும் இரண்டு சொற்கள் உலவுகின்றன. என் ஓட்டு இரண்டாவதற்கு.

முதலில் ஒரு குழப்பத்தைத் தீர்த்துவிடலாம். இணையத்தில் ஃபயர்வாலுக்குப் போடும் படங்களில் செங்கல் சுவரே கொழுந்துவிட்டு எரிகிறது. அதைப் பார்த்து நெருப்பாலான சுவர் என்று நினைப்பவர்கள் உண்டு. அது நெருப்பைத் தடுக்கும் சுவர். மீன்வலை மீனைப் பிடிக்க, கொசுவலை கொசுவைத் தடுக்க. தமிழ்த் தொகைச்சொல் இரண்டுக்கும் இடம் கொடுக்கும்.

சொல் பிறந்தது கட்டடத் தொழிலில். சுங்கை சிப்புட் போன்ற ஊர்களில் பழைய கடைவரிசைகளின் கூரையைக் கொஞ்சம் அண்ணாந்து பாருங்கள். கடைக்கும் கடைக்கும் நடுவிலுள்ள செங்கல் சுவர் ஓட்டுக்கு மேலேயும் ஓர் அடி, இரண்டடி எழும்பி நிற்கும். ஒரு கடை பற்றினாலும் நெருப்பு பக்கத்துக் கூரைக்குத் தாவக்கூடாது என்பதற்காக எழுப்பியது அது. தோட்டத்துத் தொழிலாளர் வரிசைவீடுகளான பழைய பலகை லயங்களில் இந்த ஏற்பாடு கிடையாது. வீட்டுக்கு வீடு தடுப்பு இருக்கும், ஆனால் கூரைவரை எட்டாது. முதல் வீட்டுத் தாளிப்பு கடைசி வீட்டில் மணக்கும். தீப்பிடித்தால் மொத்த லயமும் போகும். (1881-இல் கோலாலம்பூரே அப்படித்தான் எரிந்தது. அடுத்த ஆண்டு சிலாங்கூருக்குப் பிரிட்டிஷ் ரெசிடெண்டாக, அதாவது ஆட்சிப் பொறுப்பாளராக வந்த ஃபிராங்க் சுவெட்டன்ஹாம் இனிச் செங்கல்லும் ஓடும்தான் என்றார். நம் பிரிக்பீல்ட்ஸுக்குப் பெயர் வந்ததும் செங்கல் சூளைகளால்தான்.) பிறகு காரில் எஞ்சினையும் ஆள் உட்காரும் இடத்தையும் பிரிக்கும் தகட்டுக்கும் இதே பெயர் ஒட்டிக்கொண்டது.

கணினிக்கு வந்தது 1980-களின் கடைசியில். 1988 நவம்பர் 2-ஆம் தேதி மோரிஸ் வார்ம் என்ற, தானே பரவும் நிரல் கிளம்பி, அன்றைய சின்ன இணையத்தில் சுமார் 6,000 கணினிகளை முடக்கியதாக மதிப்பிட்டார்கள். இணையமே தடுப்பு இல்லாத லயமாகக் கிடப்பது அப்போதுதான் எல்லோருக்கும் உறைத்தது.

ஆனால் கட்டடச் சுவரும் கணினி ஃபயர்வாலும் ஓரிடத்தில் பிரிந்துவிடுகின்றன. சுவர் எதையும் விடாது. ஃபயர்வாலின் முக்கால்வாசி வேலையே விடுவதுதான். எந்த முகவரியிலிருந்து, எந்த முகவரிக்கு, எந்த போர்ட்டுக்கு (ஒவ்வொரு சேவைக்கும் எண் போட்ட வாயில்) என்று ஒவ்வொரு தரவுப் பொட்டலத்தையும் விதிப்பட்டியலோடு ஒப்பிட்டு, இது போகலாம், அது கூடாது என்று பிரிக்கிறது. வாயிலும் காவலும் உள்ள இந்த இடத்துக்கு நம்மிடம் பழைய பெயர் இருக்கிறது: அரண். திருக்குறளில் அதற்குத் தனி அதிகாரமே உண்டு. ‘சிறுகாப்பிற் பேரிடத்த தாகி உறுபகை ஊக்கம் அழிப்பது அரண்’ என்கிறது 744-ஆம் குறள். காக்க வேண்டிய இடம் சிறிதாகவும் உள்ளே பரப்பு பெரிதாகவும் இருக்க வேண்டும். ஒரு மாவட்ட அலுவலகத்தின் நூறு கணினிகளுக்கு முன்னால் ஒரே ஒரு பெட்டியை நிறுத்தி, எல்லாப் போக்குவரத்தையும் அதன் வழியே விடுவதற்கு இதைவிட நல்ல விளக்கத்தை நான் பார்த்ததில்லை.

அந்தப் பெட்டி விலையுயர்ந்ததாக இருக்க வேண்டியதில்லை. நெட்வொர்க் கார்டு இரண்டு செருகிய பழைய கணினியே சிறிய கிளைக்குப் போதும். நிரலை யாரும் பார்த்து மாற்றக்கூடிய திறமூல மென்பொருளில் இரண்டு வம்சங்கள் உண்டு. லினக்ஸ் இயங்குதளத்தின் பக்கம் ஐபி‌டேபிள்ஸ், அதன் பின் 2014-இல் அதன் கருவான கெர்னலுக்குள் வந்த என்எஃப்‌டேபிள்ஸ். ஃப்ரீபிஎஸ்டி என்ற இன்னோர் இயங்குதளத்தின் பக்கம் மோனோவால், அதிலிருந்து 2004-இல் கிளைத்த பிஎஃப்சென்ஸ், அதிலிருந்து 2015-இல் கிளைத்த ஓபிஎன்சென்ஸ். மலேசிய அரசு பொதுத்துறைக்கென்று திறமூலப் பெருந்திட்டம் அறிவித்தது 2004-இல், அப்போது மாம்பு என்ற அரசு நிர்வாக நவீனமயப் பிரிவின் பொறுப்பில். செலவு மிச்சம் என்பதையே பலரும் பெரிதாகப் பேசுவார்கள். எனக்கு அதைவிடப் பெரிதாகப் படுவது, விதிகள் வெறும் எழுத்துக்கோப்பாக இருப்பது. யார், எப்போது, எந்த வாயிலைத் திறந்தார் என்று கிட் என்ற மாற்றப் பதிவு மென்பொருளில் பதிந்து வைக்கலாம். ஆள் மாறினாலும் தணிக்கைக்குக் காட்டலாம்.

விதியின் வரிசை முக்கியம். ஐபி‌டேபிள்ஸில் ஒரு சங்கிலியில் (விதிகளின் அடுக்கில்) மேலிருந்து கீழே பார்த்து, விடு அல்லது தடு என்று முதலில் பொருந்தும் விதியே தீர்ப்பு. ‘எல்லாரையும் விடு’ என்ற வரி உச்சியில் இருந்தால் கீழே எத்தனை தடை எழுதினாலும் வீண். பிஎஃப்சென்ஸுக்கு அடியில் ஓடும் பிஎஃப் என்ற வடிகட்டியில் நேர்மாறு: கடைசியாகப் பொருந்துவதே செல்லும், ‘குவிக்’ என்று சேர்த்தால் மட்டும் அங்கேயே நின்றுவிடும். ஒன்றில் பழகிய கை மற்றொன்றில் சறுக்குவது இங்கேதான்.

தடுப்பதிலும் இரண்டு வகை. வேலைக்குப் புதிதாக வந்த ஒரு தம்பி கேட்டான்:

“அண்ணே, ஒரு கம்ப்யூட்டர்ல உடனே எரர் வருது, இன்னொன்னுல சும்மா சுத்திக்கிட்டே இருக்கு. ரெண்டும் ஃபயர்வால்தானாண்ணே?”

“ரெண்டும் அதுதான் தம்பி. ஒன்னு ரிஜெக்ட், இன்னொன்னு ட்ராப்.”

ரிஜெக்ட் என்றால் ‘கூடாது’ என்று பதில் சொல்லி அனுப்புவது. ட்ராப் என்றால் பதிலே சொல்லாமல் பொட்டலத்தைக் குப்பையில் போடுவது. கேட்ட கணினி நேரம் முடியும்வரை காத்துக் கிடக்கும். முன்னதை மறுத்தல் என்றும் பின்னதைக் கைவிடுதல் என்றும் சொல்லலாம். அலுவலகத்துக்குள் மறுப்பதே நல்லது, கோளாறு எங்கே என்று சட்டென்று தெரியும். இணையத்தைப் பார்த்த பக்கம் கைவிடுவதே வழக்கம்.

இனிச் சொல்லாட்சி. தீயரண் என்று வைத்துக்கொண்டால் தீயரண் விதி, தீயரண் பதிவு, உள்ளரண், வெளியரண் எல்லாம் சிரமமில்லாமல் கிடைக்கின்றன. வாயில் என்ற சொல்லும் கூடவே வந்துவிடுகிறது. ‘443-ஆம் வாயிலைத் திறந்துவிடு’ என்றால் யாருக்கும் புரியும். ‘சுவரைத் திறந்துவிடு’ என்று சொல்லிப் பாருங்கள், கொத்தனாரைத்தான் கூப்பிட வேண்டியிருக்கும். தீச்சுவர் என்ற சொல்லைக் கடைவரிசைக்கே விட்டுவிடலாம்.