பாதிக் குழாயை மாற்றினால் பாதி நஞ்சு குறையாது

வெளியே பளபளக்கும் செம்புக் குழாய், சுவருக்குள் அதே பழைய காரீயக் குழாய். இரண்டையும் ஒரு பித்தளை இணைப்பால் முறுக்கிவிட்டு, "எல்லாம் மாற்றியாயிற்று" என்று சொல்லிப் போயிருக்கிறார் முன்பு வந்த பிளம்பர். அந்த வீட்டில் கைக்குழந்தை இருக்கிறது. புட்டிப்பால் அந்தத் தண்ணீரில்தான் கலக்கிறார்கள். இந்த வேலையை இன்னும் எத்தனை வீடுகளில் பார்ப்பது?

பத்தடியில் எட்டடியை மாற்றிவிட்டோம், ஐந்தில் நான்கு பங்கு ஆபத்து போய்விட்டது என்று கணக்குப் போடுகிறார்கள். அந்தக் கணக்கு தவறு. பழைய குழாயின் உட்புறத்தில் பல்லாண்டுகளாகப் படிந்த படிவுதான் காரீயம் தண்ணீரில் கரையாமல் ஓரளவு தடுத்துக்கொண்டிருந்தது. ரம்பம் பட்டு அதிர்ந்ததும் அது செதில் செதிலாக உதிர்கிறது. அப்படிப்பட்ட ஒரு துணுக்கு ஒரு டம்ளர் தண்ணீரைக் கெடுக்கப் போதும். போதாததற்குச் செம்பும் காரீயமும் நேரடியாகத் தொட்டுக்கொண்டால் மின்கலத்தில் நடப்பதே அங்கும் நடந்து, காரீயம் அரிக்கப்படுகிறது. ஆகவே குழாய் குறைந்தும் தண்ணீரில் காரீயம் கூடலாம். அது மாதக்கணக்கில் நீடிக்கவும் கூடும். வாஷிங்டன் நகரில் 2000-களில் ஆயிரக்கணக்கான வீடுகளுக்கு இப்படிப் பகுதி மட்டும் மாற்றினார்கள். குழந்தைகளின் இரத்தத்தில் காரீயம் கூடும் அபாயம் அதனால் குறையவில்லை என்று பின்னர் நடந்த ஆய்வு காட்டியது.

முழுக் குழாயையும் மாற்றுங்கள். முடியவே இல்லை என்றால் மட்டும் இணைப்பு. அதற்கும் இரு உலோகங்களையும் பிரித்து வைக்கும் பிளாஸ்டிக் பகுதியுள்ள, காரீயத்துக்கென்றே செய்த அழுத்த இணைப்பைத்தான் போட வேண்டும். தண்ணீர் முதலில் செம்பைக் கடந்து பிறகு காரீயத்துக்குள் போகும்படி இணைக்கவே கூடாது. பழைய காரீயக் குழாய் எடைக்கேற்ப வெவ்வேறு பருமனில் இருக்கும், முழு வட்டமாகவும் இராது. வெளி விட்டத்தை அளக்காமல் இணைப்பு வாங்காதீர்கள். உப்புத்தாள் போட்டுத் தேய்த்துத் தூசி கிளப்பாதீர்கள். நெருப்பு காட்டவே காட்டாதீர்கள்: 327 டிகிரி செல்சியஸில் காரீயம் உருகிவிடும், புகையும் நஞ்சு. அந்தக் குழாய் எர்த்துக்குப் பயன்படுகிறதா என்று மின்பணியாளரைக் கேட்ட பிறகே வெட்டுங்கள்.

உங்கள் குழாய் காரீயமா என்று பார்ப்பது எளிது. நாணயத்தால் சுரண்டினால் வெள்ளிபோல் மின்னும், காந்தம் ஒட்டாது.

வேலை முடிந்ததும் குழாய் முனைகளில் உள்ள வலையைக் கழற்றிக் கழுவி, எல்லாக் குழாய்களையும் திறந்து குளிர்ந்த நீரை நன்றாக ஓடவிடுங்கள். கொதிக்க வைத்தால் போய்விடும் என்று தயவுசெய்து சொல்லாதீர்கள். நீர் ஆவியாகும், காரீயம் அப்படியே தங்கும். சுடுநீர்க் குழாய்த் தண்ணீரைக் குடிக்கவோ சமைக்கவோ எடுக்காதீர்கள். தண்ணீர் தெளிவாக இருப்பதற்கும் இதற்கும் தொடர்பில்லை. கரைந்த காரீயத்தின் நிறமோ மணமோ சுவையோ நமக்குத் தெரியாது. உலகச் சுகாதார அமைப்பின் வழிகாட்டு அளவு லிட்டருக்கு 10 மைக்ரோகிராம். ஆய்வகத்தில்தான் அதை அளக்க முடியும். முடிவு வரும்வரை கர்ப்பிணிகளுக்கும் குழந்தையின் பாலுக்கும் வேறு தண்ணீர் எடுங்கள். ஏற்கெனவே அந்தத் தண்ணீரைக் குடித்த குழந்தை என்றால், இரத்தப் பரிசோதனை பற்றி மருத்துவரிடம் இந்த வாரமே கேளுங்கள்.