சொல் விளக்கம்: மரையடைப்பி

திருநெல்வேலியின் வண்ணாரப்பேட்டையிலோ தச்சநல்லூரிலோ ஒரு வண்டிப் பட்டறையில் நின்று கேட்டால், 'திரெட் சீலண்ட்' என்று முழுப் பெயரையும் சொல்பவர் குறைவு. ஒருவர் டேப் என்பார், இன்னொருவர் பேஸ்ட் என்பார். அனபாண்ட் என்று ஒரு சென்னை நிறுவனத்தின் பெயரையே பொருளின் பெயராகச் சொல்பவரும் உண்டு. குழாய் இணைப்பின் மரைகளுக்கு நடுவே சுற்றியோ பூசியோ எண்ணெய், நீர், காற்று ஆகியவை கசியாமல் தடுக்கும் பொருள் எதுவானாலும் அதுதான் திரெட் சீலண்ட். தமிழில் இதை மரையடைப்பி என்று சொல்ல வேண்டும் என்பது என் உறுதியான கருத்து. பெயர் சரியாக இருந்தால் பொருளைத் தவறான இடத்தில் பயன்படுத்துவது குறையும்.

இணையக் கடைகளின் தமிழ்ப் பக்கங்களில் 'நூல் முத்திரை குத்தப் பயன்படும் பொருள்' என்பது போன்ற தொடர்கள் வருகின்றன. இதைப் படிக்கும் ஒருவர் தையல் கடைச் சாமான் என்று நினைத்தால் அது அவர் பிழையன்று. இந்தப் பெயர்ப்பில் நூலும் தவறு, முத்திரையும் தவறு. இரண்டும் எங்கிருந்து வந்தன என்று பார்த்துவிடலாம்.

ஆங்கிலத்தில் நூலுக்கும் மரைக்கும் 'திரெட்' என்ற ஒரே சொல்தான். அதன் பழைய ஜெர்மானிய வேருக்கு முறுக்குதல் என்று பொருள். பஞ்சை முறுக்கினால் நூல்; தண்டைச் சுற்றி முறுக்கிக்கொண்டு ஏறும் வரியும் அதே பெயரைப் பெற்றது. தமிழில் இதே பரப்பைத் தாங்கும் சொல் 'புரி'. முப்புரிநூல், வைக்கோற்புரி, வலம்புரிச் சங்கு எல்லாவற்றிலும் இருப்பது அந்த முறுக்குத்தான். பள்ளிக்கூட இயற்பியலில் திருகு அளவியின் புரிக்கோலைப் படித்தவர்களுக்கு இது புதிதல்ல. ஆகவே 'புரியடைப்பி' என்றாலும் பிழையில்லை.

ஆனால் பட்டறையில் வாழும் சொல் மரை. மரை வெட்டுகிறார்கள், மரை தேய்ந்துவிட்டது என்கிறார்கள், கோணலாக ஏற்றி மரையைக் கெடுத்த பையனைக் கண்டிக்கிறார்கள். மூளை குழம்பியவனை மரை கழன்றவன் என்று சொல்லும் அளவுக்கு அந்தச் சொல் வீட்டுக்குள்ளும் வந்துவிட்டது. கையில் ஸ்பேனர் பிடிப்பவர் நாள்தோறும் சொல்லும் சொல் இருக்கும்போது புத்தகச் சொல்லைத் தேடிப் போக வேண்டியதில்லை. புரியை வலம், இடம் என்று திசை சொல்ல வைத்துக்கொள்ளலாம். கேஸ் வெல்டிங்கில் ஆக்சிஜன் இணைப்பு வலம்புரி, அசிட்டிலீன் இணைப்பு இடம்புரி. இடம்புரி நட்டின் விளிம்பில் அடையாளத்துக்கு வெட்டு இருக்கும். ஆக்சிஜன் இணைப்பில் எண்ணெய்ப் பசையுள்ள எதையும் பூசக் கூடாது. தீப்பிடிக்கும்.

இனி 'சீல்'. லத்தீனில் 'சிக்னும்' என்றால் அடையாளம். அதன் சிற்றுருவமான 'சிகில்லும்' சிறு அடையாளம், அதாவது முத்திரை. அது பிரெஞ்சு வழியாக ஆங்கிலத்துக்கு வந்தது. முத்திரை வைத்த கடிதம் மூடிய கடிதம். அதிலிருந்து 'இறுக மூடுதல்' என்ற பொருள் கிளைத்தது. தமிழில் முத்திரை அந்தப் பாதையில் போகவில்லை. நமக்கு முத்திரை இன்றும் அடையாளம்தான். நாட்டியத்திலும் நாணயத்திலும் பத்திரத்திலும் அப்படியே நிற்கிறது. கசிவை அடைக்கும் வேலையை அந்தச் சொல்லின் தலையில் ஏற்றுவது நியாயமில்லை.

இதில் எனக்கு மிகவும் பிடித்த செய்தி ஒன்று உண்டு. கடித முத்திரைக்கு இங்கே உருக்கி ஊற்றிய பொருள் அரக்கு. பழைய மெக்கானிக்குகள் கேஸ்கட்டிலும் மரையிலும் தடவிய ஷெல்லாக்கும் அதே அரக்குத்தான், சாராயத்தில் கரைத்த வடிவம். சொல் பிரிந்து போன இடத்தில் பொருள் ஒன்றாகவே இருந்திருக்கிறது. ஷெல்லாக் பெட்ரோலுக்கு அசையாது, சாராயத்தில் கரையும். எத்தனால் கலந்த பெட்ரோல் ஓடும் இன்றைய எரிபொருள் பாதையில் அதை நம்ப வேண்டாம்.

சீலண்டுக்கு 'அடைப்பான்' என்று சிலர் எழுதுகிறார்கள். நம் பக்கத்தில் மாடு வளர்ப்பவர்களுக்கு அடைப்பான் என்றால் கால்நடைகளைக் கொல்லும் நோய். 'பசை' என்பது அதைவிட ஆபத்து: பசை என்றவுடன் அதிகம் பூசினால் நன்றாக ஒட்டும் என்ற எண்ணம் வந்துவிடும். வடிகட்டி, மின்மாற்றி வரிசையில் 'அடைப்பி' இயல்பாக அமர்கிறது. மரக்கலத்தின் பலகை இடுக்கை அடைக்கும் தொழிலுக்குப் பழைய அகராதிகளில் 'கலப்பற்று' என்ற அருமையான சொல் இருக்கிறது. ஆனால் அது கடற்கரைத் தொழிலோடு கட்டுண்டது, குழாய்க்கு வராது.

மரையடைப்பி என்ற பெயரின் பெரிய நன்மை, அது ஒரு கேள்வியைக் கேட்க வைக்கிறது: இந்த இணைப்பு மரையில் அடைகிறதா, வேறிடத்தில் அடைகிறதா? இந்தியத் தர நிர்ணயத்திலேயே இந்தப் பிரிவு தெளிவாக இருக்கிறது. ஐ.எஸ். 554, மரையிலேயே அழுத்தம் தாங்கும் இணைப்பு அமையும் குழாய் மரைகளைப் பற்றியது. ஐ.எஸ். 2643, மரையில் அப்படி அமையாதவற்றைப் பற்றியது. முதல் வகையில் ஆண் மரை, அதாவது குழாயின் வெளிப்புறத்தில் வெட்டிய மரை, கூம்பு வடிவம். 16 அலகு நீளத்துக்கு விட்டம் 1 அலகு குறையும். முடுக்க முடுக்க உலோகம் உலோகத்தோடு நெருங்கும். ஆனாலும் மரையின் முகட்டுக்கும் எதிர்மரையின் பள்ளத்துக்கும் நடுவே மெல்லிய சுருள் வழி ஒன்று எஞ்சும். அந்த வழியை நிரப்புவதுதான் மரையடைப்பியின் வேலை.

இரண்டாம் வகையில் மரை வெறும் பிடிமானம். அடைப்பது வாஷரோ ஓ-ரிங்கோ குழாயின் விரிந்த வாயோ. பல வண்டிகளில் பிரேக் பைப்பின் முனை 45 பாகையில் இரட்டை மடிப்பாக விரிந்து எதிர்முகத்தில் அமர்கிறது. அங்கே டேப் சுற்றினால் பயன் இல்லை, கேடு உண்டு. டேப்பின் நார் பிய்ந்து திரவத்தோடு போய் ஏ.பி.எஸ். வால்வின் நுண்துளையில் சிக்கலாம். டீசல் இன்ஜெக்டருக்கும் இதே கதி. ஓட்டைப் போல்ட் (பாஞ்சோ போல்ட்) நுழையும் வளையத்தின் இருபுறமும் தாமிர வாஷர் வரும் இடத்தில் கசிந்தால், புது வாஷர் போட வேண்டும். பிரேக் பைப் கசிந்தால் முனையைத் திரும்ப விரிக்க வேண்டும் அல்லது பைப்பை மாற்ற வேண்டும். இதில் சமாதானம் கூடாது. புளியரை மலைப்பாதையில் இறங்கும் வண்டிக்கு டேப் உத்தரவாதம் தராது.

மரை பொருந்துகிறதா என்பதும் அதே அளவு முக்கியம். ஆங்கிலப் பொறியாளர் விட்வொர்த் 1841இல் முன்வைத்த 55 பாகைக் கோணத்தின் வழியில் வந்தது பிரிட்டிஷ் குழாய் மரை. அமெரிக்க மரையின் கோணம் 60. அரை அங்குலத்திலும் முக்கால் அங்குலத்திலும் இரண்டுக்கும் அங்குலத்துக்கு 14 மரை என்பதால் ஒன்றில் மற்றொன்று ஏறிவிடும், ஆனால் கசியும். ஆயில் பிரஷர் சுவிட்சில் அடிக்கடி வரும் அரைக்கால் அங்குலத்தில் பிரிட்டிஷ் மரை 28, அமெரிக்க மரை 27. சில சுற்று இலகுவாக ஏறி, பிறகு இறுகும். அங்கே பலத்தைக் காட்டினால் எஞ்சின் பிளாக்கின் மரை போய்விடும். எந்த மரையடைப்பியும் இந்த வேற்றுமையை நிரப்பாது.

டேப்பைச் சுற்றும் முறையைக் கொஞ்சம் நின்று சொல்ல வேண்டும். முதலில் பழைய மிச்சத்தைக் கம்பித் தூரிகையால் எடுத்து, எண்ணெய் போகத் துடையுங்கள். மரையின் முனை உங்கள் முகத்தைப் பார்க்கும்படி இடது கையில் பிடியுங்கள். முதல் மரையை விட்டுவிட்டு இரண்டாவதில் தொடங்கி, கடிகாரம் சுற்றும் திசையில் சுற்றுங்கள். டேப்பை இழுத்துப் பிடித்திருக்க வேண்டும். வெள்ளைக்கு அடியில் மரையின் வரி எழுந்து தெரிந்தால் இழுப்பு சரி. இரண்டு மூன்று சுற்றுப் போதும். கடைசியில் டேப்பைக் கத்தரிக்காமல் இழுத்தே அறுத்து, வாலைக் கட்டைவிரலால் மரைக்குள் அழுத்துங்கள். எதிர்த்திசையில் சுற்றினால் முடுக்கும்போதே டேப் கழன்று வெளியே சுருளும். முதல் மரையை வெறுமையாக விடுவது நார் உள்ளே போகாமலிருக்க.

இந்த டேப் டெஃப்லானால் ஆனது. டெஃப்லான் வழுக்கும் பொருள். 1938இல் அமெரிக்க வேதியியலாளர் ராய் பிளங்கெட் தற்செயலாகக் கண்ட அந்தப் பொருளின் பெருமையே அதுதான். அந்த வழுக்கலால் ஸ்பேனருக்கு எதிர்ப்பு குறைந்து, கை தேவைக்கு மேல் முடுக்கிவிடும். அலுமினிய உறையில் கூம்பு மரை ஆப்பாக இறங்கி உறையைப் பிளந்துவிடும். ஒற்றைக் கம்பி சென்சார்களில் இன்னொரு சிக்கல் உண்டு. மின்சாரம் திரும்புவது மரை வழியாக. தடிமனாகச் சுற்றினால் மீட்டர் தவறாகக் காட்டலாம், காட்டாமலும் போகலாம்.

மரையடைப்பியின் நீர்ம வகையை 1953இல் அமெரிக்காவில் வெர்னன் கிரீபிள் உருவாக்கிய வேதியியலின் பிள்ளை எனலாம். காற்று இருக்கும்வரை நீர்மம். காற்று அற்று உலோகத்தைத் தொட்டால் இறுகும். எண்ணெய், குளிர்விப்பு நீர், காற்றுப் பிரேக் ஆகியவற்றின் கூம்பு மரைகளுக்கு நான் இதையே பரிந்துரைப்பேன், ஏனெனில் பிய்ந்து போக நார் இல்லை. டப்பாவில் எழுதியுள்ள நேரம்வரை காத்திருக்க வேண்டும். முழுப் பலத்துக்குப் பெரும்பாலும் ஒரு நாள். பிளாஸ்டிக் இணைப்பில் தடவாதீர்கள், விரிசல் விடும். வேலை முடிந்ததும் காற்று வழியில் சோப்பு நுரை தடவிப் பாருங்கள், குமிழ் எழும்பினால் கசிவு.

இதே வேதியியலில் போல்ட் கழலாமல் பிடிக்கும் பொருளும் விற்கிறது. அதன் வேலை வேறு. கசிவை நிறுத்துவது அதற்கு இரண்டாம்பட்சம், கழற்றச் சூடு காட்ட வேண்டியும் வரும். அதை 'மரைப்பூட்டி' என்று தனியே பெயரிட்டு, கடையில் இரண்டையும் பிரித்துக் கேளுங்கள். மரையடைப்பியில் வகை சொல்ல வேண்டுமானால் மரையடைப்பி நாடா, மரையடைப்பிக் களிம்பு, மரையடைப்பி நீர்மம் என்பன போதும்.