மானியம்: கொடுப்பதும் வாங்காமல் விடுவதும்

வரிச் சலுகைகளும் பன்னாட்டு வணிகச் சட்டமும் என்று முனைவர் பட்ட ஆய்வேட்டுக்குத் தமிழில் தலைப்பு வைத்துவிடலாம். சிக்கல் முதல் இயலிலேயே தொடங்கும். வரிச் சலுகை மானியமா, இல்லையா? உரத்துக்கு அரசு தரும் பணம் மானியம். ஒரு நிறுவனத்திடம் வரி வாங்காமல் விடுவது வேறு சங்கதி என்பதுதான் பேச்சு வழக்கு. உலக வணிக அமைப்பின் சட்டமோ இரண்டையும் ஒரே கூரையின் கீழ் வைக்கிறது. சொல்லின் பூர்வீகத்தைத் தோண்டினால் தமிழும் அந்தப் பக்கம்தான் நிற்கிறது.

மானியம், வடமொழி ‘மான்ய’ என்பதிலிருந்து வந்தது. மதிப்புக்குரியது என்று பொருள். தமிழிலும் தெலுங்கிலும் கன்னடத்திலும் அது நிலத்துக்குப் பெயரானது. கோயில் ஊழியருக்கும் ஊர்க் கணக்கருக்கும் வரியில்லாமலோ குறைந்த வரியிலோ விடப்பட்ட நிலம் மானியம். அரசின் கையிலிருந்து காசு எதுவும் போகவில்லை. வர வேண்டிய தீர்வை வரவில்லை, அவ்வளவுதான்.

அதற்கும் முந்தைய தமிழ்ச் சொல் சோழர் கல்வெட்டுகளில் இருக்கிறது: இறையிலி. இறை என்றால் வரி; அது இல்லாதது இறையிலி. கோயில்களுக்கு விட்ட தேவதானமும், சமண, பௌத்தப் பள்ளிகளுக்கு விட்ட பள்ளிச்சந்தமும் பெரும்பாலும் இறையிலியாகவே தரப்பட்டன. விட்ட வரியை அப்படியே மறந்துவிடவும் இல்லை. புரவுவரித் திணைக்களம் என்ற நிலவரித் துறையின் அதிகாரிகள் அதை வரிப்பொத்தகத்தில் ஏற்றினார்கள். இந்திய அரசு 2006-07 பட்ஜெட்டிலிருந்து வரிச் சலுகைகளால் விட்டுக்கொடுத்த வருவாயைக் கணக்கிட்டு வெளியிடுவதும் ஏறக்குறைய அதே வேலைதான்.

ஆங்கிலத்தின் ‘சப்சிடி’ வந்த வழி வேறு. லத்தீன் ‘சப்சிடியம்’ பின்வரிசையில் காத்திருக்கும் துணைப்படை. பிறகு பொதுவாக உதவி. இங்கிலாந்தில் ஒரு காலத்தில் நாடாளுமன்றம் மன்னருக்கு அனுமதித்த வரிக்கே அது பெயர். குடிகள் அரசனுக்குக் கொடுத்தது, அரசு குடிகளுக்குக் கொடுப்பதாகத் தலைகீழானது.

இனி சட்டப் பொருள். 1995 ஜனவரி 1 முதல் நடப்பிலுள்ள, உலக வணிக அமைப்பின் ‘மானியங்கள், ஈடுசெய் நடவடிக்கைகள் ஒப்பந்த’த்தின் முதல் உறுப்பு, அரசின் நிதிப் பங்களிப்பும் அதனால் ஒருவருக்குக் கிடைக்கும் ஆதாயமும் சேர்ந்தால் மானியம் என்கிறது. நிதிப் பங்களிப்பின் வகைகளில் ஒன்று, ‘மற்றபடி வந்திருக்க வேண்டிய’ வருவாயை அரசு விட்டுக்கொடுப்பது அல்லது வசூலிக்காமல் இருப்பது. ஆய்வாளரின் தலைவலி அந்த ‘மற்றபடி’யில் இருக்கிறது. எதோடு ஒப்பிட்டு ‘மற்றபடி’?

அமெரிக்காவின் அயல்நாட்டு விற்பனை நிறுவன வழக்கில் இதுதான் கேள்வி. ஏற்றுமதியை வெளிநாட்டுத் துணை நிறுவனம் வழியாக நடத்தினால் வருமானத்தில் ஒரு பகுதிக்கு வரி கிடையாது. வெளிநாட்டு வருமானத்துக்கு வரி போட்டே ஆக வேண்டும் என்று யார் சொன்னது என்பது அமெரிக்காவின் வாதம். யாரும் சொல்லவில்லைதான். ஆனால் 2000-இல் உலக வணிக அமைப்பின் மேல்முறையீட்டு அமைப்பு, ஒப்பிட வேண்டியது அந்த நாட்டின் சொந்த வரி விதிகளோடு என்றது. அந்த அளவுகோலில் அது தடை செய்யப்பட்ட ஏற்றுமதி மானியமாகிவிட்டது. அமெரிக்கா கொண்டுவந்த மாற்றுச் சட்டமும் தேறவில்லை. வழக்குத் தொடுத்த ஐரோப்பிய ஒன்றியம் ஆண்டுக்கு 404.3 கோடி டாலர் அளவுக்கு எதிர் நடவடிக்கை எடுக்கலாம் என்று 2002-இல் நடுவர் தீர்ப்பு வந்தது; முறையான அனுமதி 2003-இல் கிடைத்தது.

ஏற்றுமதிப் பொருளின் மீதான மறைமுக வரியைத் திருப்பித் தருவது மட்டும், செலுத்திய தொகைக்கு மேல் போகாதவரை, மானியமாகாது. இந்தியாவின் சிறப்புப் பொருளாதார மண்டலம் உள்ளிட்ட திட்டங்கள் மீதான வழக்கில் 2019 அக்டோபர் 31 அன்று வந்த விசாரணைக் குழுவின் அறிக்கை பெரும்பாலும் இந்தியாவுக்குப் பாதகமானது. இந்தியா மேல்முறையீடு செய்த சில வாரங்களில் மேல்முறையீட்டு அமைப்பே செயலிழந்தது.

தமிழில் எழுதுகிறவர் உடனே தீர்க்க வேண்டியது வேறொன்று. ‘கிராண்ட்’டையும் நாம் மானியம் என்கிறோம்: சட்டமன்றத்தில் மானியக் கோரிக்கை, டெல்லியில் பல்கலைக்கழக மானியக் குழு. ஒப்பந்தம் ‘கிராண்ட்’டை ‘சப்சிடி’யின் ஒரு வகையாகச் சொல்வதால், அப்படியே பெயர்த்தால் “மானியம் என்பது மானியத்தின் ஒரு வகை” என்று வரும். ஆய்வு நல்கை என்ற வழக்கு ஏற்கெனவே இருப்பதால் ‘கிராண்ட்’டுக்கு நல்கை என்றும் ‘சப்சிடி’க்கு மானியம் என்றும் பிரித்துக்கொள்வதே என் தேர்வு. ‘இழந்த வருவாய்’ வேண்டாம். அரசு தெரிந்தே விட்டதை இழப்பு என்றால் பொருள் கெடும். விட்டுக்கொடுத்த வருவாய் சரி. ‘டாக்ஸ் ஹாலிடே’க்கு ‘வரி விடுமுறை’ காதில் ஒட்டவில்லை. வரிவிலக்குக் காலம் போதும். இறையிலிக் காலம் என்று எழுத எனக்கு ஆசைதான், ஆனால் நெறியாளர் அடிக்குறிப்பு கேட்பார்.