எம்சிபி விழவில்லை, பிளக் மட்டும் கருகியது ஏன்?

கீசர் பிளக்கைப் பிடுங்கிப் பார்த்தால் ஒரே ஒரு பின் மட்டும் கறுத்திருக்கும். அதைச் சுற்றிய பிளாஸ்டிக் பழுப்பேறி இளகியிருக்கும். "இவ்வளவு நடந்தும் எம்சிபி ஏன் விழவில்லை?" என்றுதான் வீட்டில் எல்லோரும் கேட்பார்கள். எம்சிபி என்பது மின்னோட்டம் அளவுக்கு மீறினால் தானே விழுந்து மின்சாரத்தைத் துண்டிக்கும் ஸ்விட்ச். பதில் பள்ளியில் படித்த ஓம் விதியிலேயே இருக்கிறது.

230 வோல்ட்டில் ஓடும் 2000 வாட் கீசரை எடுத்துக்கொள்ளுங்கள். வாட்டை வோல்ட்டால் வகுத்தால் 8.7 ஆம்பியர். வோல்ட்டை ஆம்பியரால் வகுத்தால் காயிலின் மின்தடை சுமார் 26.5 ஓம். இப்போது சாக்கெட்டுக்குள் பின்னைப் பிடிக்கும் பித்தளைத் தகடு தளர்ந்து, அங்கே அரை ஓம் தடை சேர்ந்துவிட்டது என்று வைப்போம். மொத்தத் தடை 27 ஓம். மின்னோட்டம் 8.5 ஆம்பியருக்குக் குறைகிறது, கூடவில்லை. 16 ஆம்பியர் எம்சிபி விழ அங்கே காரணமே இல்லை. மின்கசிவும் இல்லாததால், கசிவைக் கண்டால் மின்சாரத்தைத் துண்டிக்கும் ஆர்சிசிபியும் விழாது.

ஆனால் அந்தத் தொடுபுள்ளியில் மின்னோட்டம் × மின்னோட்டம் × தடை, அதாவது 8.5 × 8.5 × 0.5 = 36 வாட் வெப்பம் பிறக்கிறது. 25 வாட் சால்டரிங் அயர்னே ஈயத்தை உருக்கிவிடும். சூடு ஏற ஏறப் பித்தளை கறுத்து ஆக்சைடு படியும், தகட்டின் விறைப்பு போகும், தடை இன்னும் கூடும். நல்ல ஒயரிலும் வெப்பம் உண்டு. 20 மீட்டர் தூரம் போய்த் திரும்பும் 2.5 சதுர மில்லிமீட்டர் செம்பு ஒயரின் தடை சுமார் 0.3 ஓம், இழப்பு சுமார் 22 வாட். அது 40 மீட்டருக்குப் பரவிவிடுவதால் கையில் தெரியாது. பிளக்கில் அத்தனையும் ஒரு கடுகளவு இடத்தில் குவிகிறது.

பழுது எங்கே என்று கண்டுபிடிக்கவும் இதே கணக்குதான். கீசர் ஓடும்போது டிபி பாக்ஸில் (எம்சிபிகள் இருக்கும் பெட்டி) 230 வோல்ட், கீசரின் டெர்மினலில் 224 வோல்ட், ஒயரைக் கவ்வி மின்னோட்டத்தை அளக்கும் கிளாம்ப் மீட்டரில் 8.5 ஆம்பியர் என்றால், வழியில் 6 வோல்ட் தொலைகிறது. 6-ஐ 8.5-ஆல் வகுத்தால் 0.7 ஓம். ஒயருக்கு உரிய 0.3-ஐக் கழித்தால் மிச்சம் 0.4 ஓம் ஏதோ ஒரு லூஸ் இணைப்பில் இருக்கிறது. மூடியைத் திறந்து, மின்சாரம் இருக்கும்போதே எடுக்கும் அளவு இது, எலக்ட்ரீஷியனிடம் விடுங்கள். கிளாம்ப் மீட்டரை ஃபேஸ் ஒயரில் மட்டும் மாட்ட வேண்டும். இரண்டு ஒயரையும் சேர்த்துக் கவ்வினால் பூஜ்யம்தான் காட்டும். மல்டிமீட்டரை ஆம்பியரில் வைத்துச் சாக்கெட்டில் குத்துவது நேரடி ஷார்ட் சர்க்யூட். மீட்டர் கையிலேயே வெடிக்கலாம்.

கீசர், அயர்ன் பாக்ஸ் போன்றவற்றுக்கு இந்தக் கணக்கு அப்படியே பொருந்தும். மோட்டாருக்கு வோல்ட்டையும் ஆம்பியரையும் பெருக்கினால் மட்டும் வாட் வராது, பவர் ஃபேக்டரும் (அந்தப் பெருக்கலில் உண்மையில் வேலை செய்யும் பங்கு) வேண்டும்.

கீசரைப் பத்து நிமிடம் ஓடவிட்டு, ஸ்விட்சை அணைத்துவிட்டுப் பிளக்கைத் தொட்டுப் பாருங்கள். வெதுவெதுப்பு பரவாயில்லை. கை வைக்க முடியாத சூடு என்றால் மறுபடி போட வேண்டாம். 6 ஆம்பியர் சாக்கெட்டில் அடாப்டர் பிளக் வைத்துக் கீசர் ஓட்டுகிறீர்கள் என்றால் இன்றே நிறுத்துங்கள். பழுது பார்க்கும்போது பிளக்கை மட்டும் மாற்றினால் போதாது. விறைப்பு இழந்த பழைய சாக்கெட் புதுப் பிளக்கையும் கருக்கும். இரண்டையும் சேர்த்து 16 ஆம்பியரில் மாற்றி, கருகிய ஒயர் நுனியைப் பளபளக்கும் செம்பு தெரியும்வரை வெட்டி, ஓர் இழைகூட வெளியே நிற்காமல் ஸ்க்ரூவை இறுக்க வேண்டும்.