டிஏபி சாக்கில் வந்த மண்

போன கோடையில் ஒரு பெரியவர் பரிசோதனைக்கு மண் கொண்டுவந்தார். பழைய டிஏபி உரச் சாக்கின் மூலையில், ஈரத்தோடு முடிச்சுப் போட்டு. "ஐயா, இதைச் சோதிச்சா மண்ணோட கணக்கு வராது, சாக்கோட கணக்குதான் வரும்" என்றேன். எங்கே எடுத்தீர்கள் என்று கேட்டால், வரப்போரம், வேப்பமரத்தடியாம். வெயிலுக்கு அங்கேதான் நிற்க முடிந்ததாம்.

இரண்டு பஸ் மாறி வந்தவரைத் திருப்பி அனுப்பச் சங்கடமாகத்தான் இருந்தது. முறையைச் சொல்லி அனுப்பினேன். அறுவடை முடிந்து, அடுத்த உரம் விழுவதற்கு முன் எடுக்க வேண்டும். வரப்பு, வாய்க்கால், மர நிழல், எரு குவித்த இடம் எல்லாம் விட்டுவிட்டு, வயலுக்குள் வளைந்து வளைந்து நடந்து பத்துப் பதினைந்து இடங்களில் 'வி' வடிவக் குழி. நெல்லுக்கு 15 செ.மீ. ஆழம் போதும், கரும்பு, பருத்திக்கு 22.5. குழியின் பக்கச் சுவரை மேலிருந்து கீழாக ஒரே கனத்தில் மூங்கில் சிம்பால் சுரண்டுங்கள். துத்தநாகம் (ஜிங்க்) போன்ற நுண்ணூட்டம் பார்ப்பதென்றால் இரும்பு படக்கூடாது. எல்லாவற்றையும் கலந்து வட்டமாகப் பரப்பி, நாலாகப் பிரித்து, எதிரெதிர் இரண்டு பங்கைத் தள்ளுங்கள். அரை கிலோ மிஞ்சும்வரை இப்படியே. நிழலில் உலர்த்திப் புதுத் துணிப்பையில் கட்டினால் முடிந்தது.

பத்து நாளில் சரியான மண்ணோடு வந்தார். முடிவு: மணிச்சத்து (பாஸ்பரஸ்) அதிகம், துத்தநாகம் பற்றாக்குறை.

"நடவு முடிஞ்சு மூணு வாரத்துல இலையில துரு மாதிரி புள்ளி வருமா?"

"வருஷா வருஷம் வருது சார். உடனே யூரியா விசிறிடுவேன்."

பயிர் கேட்டது ஜிங்க். இவர் கொடுத்தது யூரியா. யூரியா தரும் தழைச்சத்து (நைட்ரஜன்) மிஞ்சினால் இலைச்சுருட்டுப் புழுவும் குலைநோயும் தேடி வரும். ஜிங்க் கிடைக்காமல் போனதற்கு டிஏபிக்கும் பங்கு உண்டு; அதில் மணிச்சத்துதான் அதிகம். மணிச்சத்து மிதமிஞ்சினால் பயிர் துத்தநாகத்தை எடுக்கத் திணறும். காவிரி டெல்டாவில் குறுகிய கால நெல்லுக்குப் பொதுப் பரிந்துரை ஹெக்டேருக்குத் தழை, மணி, சாம்பல் சத்து 150:50:50 கிலோ. அதாவது மணிச்சத்து ஏக்கருக்கு 20 கிலோ. 50 கிலோ டிஏபி மூட்டையிலேயே 23 கிலோ இருக்கிறது. இவர் ஏக்கருக்கு இரண்டு மூட்டை போட்டுவந்திருக்கிறார்! மண்ணில் ஏற்கெனவே அதிகம் இருப்பதால் பரிந்துரையிலும் கால் பங்கு குறைத்து 15 கிலோ மணிச்சத்து என்று எழுதிக் கொடுத்தேன். டிஏபியில் ஒரு மூட்டைக்கு மேலேயே மிச்சம். ஜிங்க் சல்பேட் ஏக்கருக்கு 10 கிலோ, மணலில் கலந்து, நடவுக்கு முன் மேலாகத் தூவ வேண்டும். டிஏபியோடு மட்டும் கலக்கவே கூடாது.

சீட்டை மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டே, "பக்கத்து வயல் நம்ம தம்பியோடது. அதுக்கும் இதையே போட்டா போதும்ல?" என்றார்.

தம்பி வயலில் பல வருஷம் வாழை நின்றதாம். அங்கேயும் மண் எடுத்துவரச் சொல்லியிருக்கிறேன்.